வெட்டிக் குடுக்கா, மொராஎமாஸ் கா

மீஞ்சூர்ச் சந்தையில் மீன் வாங்குகிறவர் சொல்லும் ஒரு வாக்கியத்தையும், ஜப்பானில் ஏதோ ஓர் ஊர் மீன்கடையில் நிற்பவர் சொல்லும் ஒரு வாக்கியத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். இங்கே: ‘மடவையைச் செதிலெடுத்து வெட்டிக் குடுக்கா.’ அங்கே: ‘சன்மாய் நி ஒரொஷிதெ மொராஎமாஸ் கா.’ நடுமுள் தனி, இருபுறச் சதை தனி என்று மீனை மூன்றாக அறுத்துத் தரும்படி கேட்பது அது. வேலை ஏறக்குறைய ஒன்று, வேண்டுகோளும் ஒன்று. போதாததற்கு இரண்டும் ‘கா’ என்றே முடிகின்றன. மீஞ்சூர்க் ‘கா’ அக்காவின் மிச்சம். ஜப்பானியக் ‘கா’ வினா இடைச்சொல். ஓசை ஒத்துப்போனது வெறும் தற்செயல். ஆனால் கேட்டு முடிக்கும் இடத்தில் தமிழ் ஓர் உறவை நிறுத்துகிறது, ஜப்பானியம் ஒரு கேள்வியை நிறுத்துகிறது. இது தற்செயல் இல்லை. இரண்டு மொழிகளும் பணிவை எங்கெங்கே வைத்திருக்கின்றன என்று தேடப் புறப்பட்டால், அந்த ஓரெழுத்திலிருந்து தொடங்குவதே வசதி.

மீஞ்சூரில் இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவருக்கு ஒரு விளக்கம் சொல்லிவிடலாம். ஊருக்குக் கிழக்கே எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் நிஸ்ஸான் கார்கள் கப்பலேறுகின்றன. பழவேற்காடு ஏரிக்கு மேற்கே, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் 2016 முதல் இசுசு வண்டிகள் தயாராகின்றன. பொன்னேரியைத் தொழில்நகரமாக்கும் திட்ட வரைவில் ஜப்பானியப் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கை உண்டு. ஆகவே இப்பக்கத்துப் பிள்ளைகள் சிலர் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் முதற்படியான என்5 நிலைக்குப் படிக்கிறார்கள். அந்தப் படியில் கற்பிக்கப்படுவதில் பெரும்பகுதி இரண்டே காரியங்கள்தாம்: பணிவாகக் கேட்பது, எளிதாக வினவுவது.

இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பழைய தொடர்பும் ஒன்று உண்டு. டச்சுக்காரர்கள் ஜப்பானின் ஹிராதோவில் பண்டகசாலை அமைத்தது 1609-இல். பழவேற்காட்டில் இடம் பிடித்தது அதற்கு அடுத்த ஆண்டில். கெல்டிரியா கோட்டை 1613-இல். சோழமண்டலக் கரையின் கோடுபோட்ட பருத்தித்துணி ஜப்பானில் ‘சந்தொமே’ என்று வழங்கியது. நம் சாந்தோமின் பெயர்தான் அது. பழவேற்காட்டில் வணிகருக்கும் நெசவாளருக்கும் இடையே துபாஷி நின்றார். நாகசாகியில் ‘த்சூஜி’ என்ற பரம்பரை மொழிபெயர்ப்பாளர் நின்றார். இரு கரைகளிலும் ஒரே கும்பினிக்காரர் மூன்றாம் ஆள் வாயால்தான் எதையும் கேட்டுப் பெற்றார்.

இனி வாக்கியத்துக்கு வருவோம். ‘வெட்டி’ என்பது வினையெச்சம், ‘குடு’ துணைவினை. ‘ஒரொஷிதெ’ என்பதும் வினையெச்சத்துக்கு நிகரான வடிவம். அதன் பின் வருவது துணைவினை. இந்தக் கட்டுமானத்தைத் தமிழருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ‘கைதெ குதசாய்’ என்றால் எழுதித் தாருங்கள். ‘தாபெதெ மிதெ குதசாய்’ என்றால் சாப்பிட்டுப் பாருங்கள். ஒரு செயலைச் செய்து அறிவதற்குப் ‘பார்’ என்ற வினையைத் துணைக்கு அழைக்கத் தமிழுக்குத் தோன்றியிருக்கிறது, ஜப்பானியத்துக்கும் தோன்றியிருக்கிறது. முன்னேற்பாடாகச் செய்வதற்கு நாம் ‘வை’ என்கிறோம், சொல்லி வை, வாங்கி வை. அவர்கள் ‘ஒகு’ என்கிறார்கள், அதன் பொருளும் வைத்தல்தான். செய்து முடித்துத் தொலைப்பதற்கு நமக்கு ‘விடு’, அவர்களுக்கு ‘ஷிமாவ்’. ஆங்கிலம் வழியாக ஜப்பானியம் கற்பவர் இந்த இடத்தில் பாடம் பாடமாகத் திணறுவதைப் பார்த்தால், தாய்மொழியின் வழியாகவே பாடநூல் எழுதினால் என்ன என்று தோன்றும்.

அடுத்த அடியில் இரண்டும் பிரிகின்றன. மீஞ்சூர்க்காரர் ‘வெட்டிக் குடு’ என்கிறார். செய்பவளும் கொடுப்பவளும் அக்கா. ஜப்பானியர் ‘மொராவ்’ என்கிறார். அதன் பொருள் பெறுதல். ‘மூன்றாக அறுத்து நான் பெற்றுக்கொள்ள இயலுமா’ என்பதுதான் அந்த வாக்கியத்தின் உட்கட்டு. கத்தி பிடிப்பவரைப் பற்றி வாக்கியம் வாயே திறக்கவில்லை. கேட்பவர் தன் பேறு பற்றித்தான் வினவுகிறார். அதை நடத்திவைக்கும் பொறுப்பு எதிராளியிடம் தானாகப் போய்ச் சேர்கிறது. தமிழில் ‘வாங்கு’, ‘பெறு’ இருந்தும் அவற்றை இப்படித் துணைவினையாக நாம் வளர்த்தெடுக்கவில்லை. நம் வேண்டுகோள் முழுவதும் கொடுப்பவர் பக்கம் நின்றே பேசுகிறது.

கொடுக்கும் வினைகளில்தான் நாம் எதிர்பார்க்காத நெருக்கம் காத்திருக்கிறது. ஜப்பானியத்தில் ‘கொடு’ என்பதற்கு ஒரு சொல் போதாது. எனக்கு அல்லது என் வீட்டாருக்கு ஒருவர் கொடுத்தால் ‘குரேரு’. நான் பிறருக்குக் கொடுத்தால் ‘அகேரு’. கொடுப்பவர் பெரியவரானால் ‘குதசாரு’. பெறுபவர் பெரியவரானால் ‘சாஷிஅகேரு’. நாய்க்கும் செடிக்கும் ‘யாரு’. இதைக் கேட்டு மலைக்கும் தமிழ் மாணவர் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தைப் புரட்டினால் மலைப்பு வேறு பக்கம் திரும்பும். கிளவியாக்கத்தில், வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று இலக்கணம் இருக்கிறது. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். மலையாளம் இந்தப் பாகுபாட்டை இன்றும் விடவில்லை. நாம்தான் ‘எனக்குக் குடு’ என்று எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டோம்.

ஒப்புமையை அளவோடு சொல்ல வேண்டும். தொல்காப்பியர் ‘நீ’யை ‘நான்’ பக்கம் சேர்க்கிறார்: உனக்குத் தருகிறேன். ஜப்பானியமோ ‘நீ’யை ‘அவர்’ பக்கம் தள்ளுகிறது: நான் உனக்குக் கொடுத்தாலும் ‘அகேரு’தான். பேசுகிறவரும் கேட்கிறவரும் பழந்தமிழில் ஒரே திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள். ஜப்பானியத்தில் இருவருக்கும் நடுவே எப்போதும் ஒரு வாசற்படி.

எச்சவியலில் தொல்காப்பியர் இன்னும் ஒரு படி நெருங்கி வருகிறார். இரத்தற்கு ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ என்று மூன்று சொற்கள். தாழ்ந்தவன் கேட்டால் ‘ஈ’, ஒத்தவன் கேட்டால் ‘தா’, உயர்ந்தவன் கேட்டால் ‘கொடு’. பணிவின் அளவு வினையின் வேரிலேயே இருக்கிறது, ஜப்பானியத்தில் இன்றைக்கும் இருப்பதுபோல. கூடவே அவருக்கு ஒரு சிக்கலும் எழுகிறது. கொடுத்தல் படர்க்கைக்கு உரியது என்று முன்பே சொல்லியாயிற்று. உயர்ந்தவன் தனக்காகக் கேட்கும்போது மட்டும் அது எப்படி வரும்? தன்னையே வேறொருவன்போல வைத்துப் பேசும் குறிப்பினால் வரும் என்கிறார். ஓர் இலக்கணக்காரர் மனித மனத்தின் தோரணையை இப்படிப் பிடித்துவைத்திருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பே. அதிகாரம் உள்ளவன் தன் தேவையைத் தன்னுடையதாக ஒப்புக்கொள்வதில்லை. எவனோ ஒருவனுக்குக் கொடு என்கிறான்.

இந்த அளவுகோலை மீஞ்சூர்ச் சந்தைக்குக் கொண்டுவந்தால் வேடிக்கையாகும். அங்கே கூடையோடு நிற்கிற எல்லோரும் ‘குடு’ என்றே கேட்கிறார்கள்; இலக்கணப்படி அத்தனை பேரும் உயர்ந்தவர்கள்! ‘ஈ’ பேச்சிலிருந்தே போய்விட்டது. ‘தா’ வட தமிழகத்துச் சந்தைப் பேச்சில் அபூர்வம். வேரில் இருந்த பணிவு வற்றியதும், தமிழ் அதை வாலுக்கு மாற்றிக்கொண்டது: குடுங்க, குடுக்கா, குடுண்ணா, குடும்மா. ஜப்பானியத்திலும் சொற்கள் நகராமல் இல்லை. ‘அகேரு’ என்பது உயர்த்திப் படைத்தல் என்ற பணிவுச் சொல்லாக இருந்தது. இன்று நாய்க்குச் சோறு வைப்பதற்கும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கும் பலர் அதையே சொல்கிறார்கள், பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சரிவு இரண்டு மொழியிலும் நடந்தது. தமிழில் அது முற்றுப்பெற்றது. ஜப்பானியத்தில் நம் கண்முன்னே நடந்துகொண்டிருக்கிறது.

வேரிலேயே உடலசைவை வைத்திருக்கும் சொற்களும் உண்டு. ‘குதசாய்’ என்பதன் அடியில் கீழே இறக்குதல் இருக்கிறது. மேலிருப்பவர் கை தாழ்த்தித் தருகிறார். ‘மொராவ்’ என்பதன் மரியாதை வடிவமான ‘இததாக்கு’வின் பழம்பொருள் தலைமேல் வைத்தல். சொன்னதைத் தலைமேற்கொண்டு செய்கிறேன் என்று நாம் சொல்வதும், கொடுத்ததைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும் அந்தச் சைகையின் உறவுக்காரர்களே. சாப்பிடத் தொடங்கும் முன் ஜப்பானியர் சொல்லும் ‘இததாகிமாஸ்’ அதே வினைதான்.

வினாவுக்கு வருவோம். ‘மீன் இருக்கா?’ என்பதில் ‘ஆ’. ‘சகானா அரிமாஸ் கா’ என்பதில் ‘கா’. வாக்கியத்தின் வரிசை மாறுவதில்லை, முன்னால் எதுவும் வந்து சேர்வதில்லை. சொல்லி முடித்த செய்தியின் முனையில் ஓர் எழுத்தைத் தொட்டுவைத்தால் அது கேள்வி. ஆனால் தமிழ் ‘ஆ’வுக்குக் கால் உண்டு. ‘நீயா நேத்து நண்டு வாங்கினே?’, ‘நீ நேத்தா நண்டு வாங்கினே?’, ‘நீ நேத்து நண்டா வாங்கினே?’ என்று ஐயம் எந்தச் சொல்லின்மேலோ அந்தச் சொல்லில் போய் உட்காரும். ஜப்பானியக் ‘கா’ கடைசி இடத்தை விட்டு இப்படி நகராது. நண்டைத்தான் வாங்கினாயா என்று கேட்க வாக்கியத்தையே உடைத்து, ‘நீ வாங்கியது நண்டா’ என்று வேறாகக் கட்ட வேண்டும். சிங்களத்தின் ‘த’ நம் ‘ஆ’ போலவே சொல்லுக்குச் சொல் உலாவுவது, இலங்கைத் தமிழர் அறிந்த சங்கதி.

மறுபுறம், ஜப்பானியம் வினாச்சொல் இருக்கும் இடத்திலும் ‘கா’வை விடுவதில்லை. ‘இகுரா தெஸ் கா’: எவ்வளவு என்று கேட்டாகிவிட்டது, ஆயினும் கடைசியில் ‘கா’. அங்கே அது வினாவுக்காக மட்டும் நிற்கவில்லை, பணிவுக்காகவும் நிற்கிறது. மீஞ்சூரில் அதே கேள்வி ‘எப்படிக்கா?’ என்று வரும். விலை என்ற சொல்லே இல்லை. கூறு எவ்வளவு, கிலோ எவ்வளவு என்பதும் இல்லை. ‘எப்படி’ என்பதே விலையைக் கேட்டுவிடுகிறது, பேரத்துக்கும் கதவைத் திறந்துவைக்கிறது. ‘இகுரா’வுக்கு விடை ஓர் எண். ‘எப்படி’க்கு விடை பெரும்பாலும் இன்னொரு கேள்வி: ‘நீ எவ்ளோ குடுப்பே?’

வினாச்சொற்களோடு இடைச்சொல் சேரும்போது கிடைக்கும் அணிவகுப்பு கண்ணுக்கு விருந்து. ‘தாரே’ யார், ‘தாரேகா’ யாரோ, ‘தாரேமோ’ யாரும். ‘தொகோ’ எங்கே, ‘தொகோகா’ எங்கேயோ, ‘தொகோமோ’ எங்கும். நம் ‘ஓ’ ஐயத்துக்கு, ‘உம்’ முழுமைக்கு. அவர்களுடைய ‘கா’ ஐயத்துக்கு, ‘மோ’ முழுமைக்கு. நம்முடைய ‘உம்’மைப்போலவே ‘மோ’வும் ‘நானும்’ என்பதற்கும் வேலை செய்கிறது.

சுட்டிலும் அப்படியே. ‘கொரே, சொரே, அரே, தொரே’ என்ற நான்கில் முதலாவது பேசுபவர் அருகில் உள்ளது, இரண்டாவது கேட்பவர் அருகில் உள்ளது, மூன்றாவது இருவருக்கும் அப்பால், நான்காவது வினா. தமிழில் இது, உது, அது, எது. நடுவிலிருக்கும் ‘உது’வை நாம் தொலைத்துவிட்டோம், யாழ்ப்பாணத்தார் வைத்திருக்கிறார்கள். மீன்காரி முன்னால் கிடக்கும் கூறைக் காட்டி யாழ்ப்பாணத்தவர் ‘உது என்ன விலை’ என்பார். ஜப்பானியர் ‘சொரே வா இகுரா தெஸ் கா’ என்பார். மீஞ்சூர்க்காரர் ‘அது’ என்று சொல்லி, எதைக் காட்டுகிறோம் என்பதற்கு விரலை நீட்ட வேண்டியதாகிறது.

இத்தனை பொருத்தத்தைக் கண்டவர்கள் சும்மா இருந்திருப்பார்களா? ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) தமிழும் ஜப்பானியமும் உறவு என்று வாதிட்டு 1980-இல் ஒலியொப்புமை நூல் வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொற்கோவும், யாழ்ப்பாணத்து அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இணையரும் அவரோடு உழைத்தார்கள். பெரும்பாலான மொழியியலாளர் அவர் முடிவை ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவதும், வினா எழுத்து அதன்மேல் ஏறுவதும் கொரிய மொழியிலும் துருக்கியிலும் உண்டு. கட்டுமானம் ஒத்தால் குடும்பம் ஒன்று என்றாகாது. என் கட்சியும் அதுவே. உறவில்லாத இருவர் ஒரே நடையில் நடக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் சுவையாகப் படுகிறது. இரத்த உறவென்றால் அதில் என்ன அதிசயம்?

பொருத்தங்களில் மயங்கிப் போகிறவரைத் தடுக்கி விழவைக்கும் கல் ஒன்று இருக்கிறது: எதிர்மறை வினா. ஜப்பானியத்தில் ‘மொராஎமாஸ் கா’ என்பதைவிட ‘மொராஎமாசென் கா’ பணிவு. ‘இததகெமாசென் கா’ அதனினும் பணிவு. பெற இயலாதா என்று மறுப்பை முன்கூட்டியே வாக்கியத்துக்குள் வைத்துக் கொடுத்துவிடுகிறார். எதிராளி மறுத்தால் புதிதாக எதையும் அவர் சொல்லவில்லை, ஏற்கெனவே சொன்னதை ஆமோதித்தார் என்றாகும். தமிழில் அதே வித்தையைச் செய்து பாருங்கள். பேருந்தில் ‘கொஞ்சம் நகர்றீங்களா’ என்றால் நகர்வார்கள். ‘கொஞ்சம் நகர மாட்டீங்களா’ என்றால் சண்டை. எதிர்மறை நம்மிடம் குற்றச்சாட்டு. இவ்வளவு நேரமும் நீ நகராமல் இருந்தாய் என்பது அதன் உட்பொருள். தமிழ் கற்கும் ஜப்பானியர் எல்லாப் பணிவையும் திரட்டி ‘தண்ணீர் தர மாட்டீர்களா’ என்று கேட்டால், தண்ணீருக்கு முன் ஒரு முறைப்பு வரும்.

விருந்தோம்பலில் மட்டும் இந்தப் பகை தீர்ந்துபோகிறது. ‘ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகக் கூடாதா?’ என்று நாம் கெஞ்சுகிறோம். ‘தாபெமாசென் கா’, சாப்பிடவில்லையா என்று அவர்கள் அழைக்கிறார்கள். கேட்பது தனக்காக இல்லாமல் எதிராளிக்காக ஆகும்போது எதிர்மறையின் முள் மழுங்கிவிடுகிறது. எதிர்மறை வினாவுக்குப் பதில் சொல்வதிலும் இரண்டும் ஒரே கட்சி. ‘வரலையா?’ என்றால் ‘ஆமா, வரலை’ என்கிறோம்; ஜப்பானியரும் ‘ஹாய்’ என்று தொடங்கித்தான் வரவில்லை என்கிறார். ஆங்கிலத்தில் பழகிய காது இந்த ‘ஆமா’வில் கொஞ்சம் தடுமாறும்.

கொஞ்சம்! இந்தச் சொல்லுக்குத் தனி வணக்கம் செலுத்த வேண்டும். ‘கொஞ்சம் வாங்க’ என்பதில் எதில் கொஞ்சம்? வருவதில் கொஞ்சம், பாதி என்று உண்டா? ‘ச்சொத்தோ கிதெ குதசாய்’ என்பதிலும் அதே அபத்தம், அதே இதம். ‘ச்சொத்தோ’வுக்கும் பொருள் சிறிதளவு. வேண்டுகோளின் சுமையைச் சிறிதாக்கிக் காட்ட இரு மொழிகளும் ஒரே சொல்லை, ஒரே இடத்தில், ஒரே தலைச்சாய்ப்போடு வைக்கின்றன. ஆனால் ‘ச்சொத்தோ’ இன்னொரு வேலையும் செய்கிறது. கேட்ட காரியம் முடியாது என்றால் ஜப்பானியர் ‘ச்சொத்தோ…’ என்று இழுத்து அங்கேயே நிறுத்திவிடுவார், மறுப்பு முடிந்தது. நம் ‘கொஞ்சம்’ தனியே நின்று மறுக்காது; ‘கொஞ்சம் கஷ்டம்’ என்று ஒரு துணை வேண்டும். தனித்து நின்று மறுக்க நம்மிடம் வேறு ஆள் இருக்கிறார்: ‘பாக்கலாம்.’ அதற்கு நிகராக அவர்கள் சொல்வது ‘கங்காஎதெ ஒகிமாஸ்’, யோசித்து வைக்கிறேன். இரண்டையும் நம்பிக் காத்திருந்தவர்கள் பலர்.

இப்போது முதலில் விட்ட அக்காவிடம் திரும்பலாம். அந்நியரை உறவாக்குவது தமிழர் மட்டும் செய்வதன்று. ஜப்பானியத் தெருவிலும் நடுவயதுக்காரர் ‘ஒஜிசான்’, மூதாட்டி ‘ஒபாசான்’ என்று மாமன், பாட்டியாகிவிடுவார்கள். 1973-இல் தகாஒ சுசுகி எழுதிய ‘கொதோபா தொ புன்கா’ என்ற நூல் இதை விரிவாக ஆராய்ந்தது. ஜப்பானியக் குடும்பத்தில் இருப்பதிலேயே சின்னக் குழந்தை எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் எல்லோருக்கும் பெயர். தாய் தன் மூத்த மகனையே அண்ணன் என்பாள். ‘அண்ணனைச் சாப்பிடக் கூப்பிடு’ என்று கடைக்குட்டியிடம் சொல்லும் நம் வீட்டு அம்மாக்களுக்கு இந்த ஆராய்ச்சி புதிதாக இராது. ‘நீ’ என்பதை இரு மொழிகளும் கூசுகின்றன. தமிழில் ‘நீங்கள்’ என்று பெரியவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம். ஜப்பானியத்தில் ‘அனாத்தா’ என்பதை ஆசிரியரிடம் சொல்ல முடியாது. அங்கே பெயரும் பதவியும்தான் முன்னிலை.

கடற்கரைப் பேச்சு என்று வந்தால் ஒரு தப்பெண்ணத்தை உடைக்க வேண்டியிருக்கிறது. பழவேற்காட்டுப் பக்கத்துக் கூனங்குப்பத்திலும் கோரைக்குப்பத்திலும் பேச்சைக் கேட்கும் நகரத்தார், மரியாதை இல்லை என்பார்கள். ‘ங்க’ குறைவு, ‘வா’, ‘குடு’, ‘சொல்லு’ மிகுதி. ஏரியின் வடபுறத் தெலுங்குக் குப்பங்களில் ‘ரண்டி’, ‘இவ்வண்டி’ என்று வினையிலேயே ஒட்டும் ‘அண்டி’ இருக்கிறது. இங்கே அந்த வால் இல்லை என்பது மெய். ஆனால் ‘வாண்ணா’, ‘சொல்லுக்கா’, ‘குடும்மா’ என்பவற்றில் மரியாதை முழுதாக இருக்கிறது. விகுதியில் இல்லாமல் விளியில் இருக்கிறது. தனித்த ‘குடு’வுக்கும் ‘குடுக்கா’வுக்கும் உள்ள தூரம், நகரத்தின் ‘கொடு’வுக்கும் ‘கொடுங்கள்’ என்பதற்கும் உள்ள தூரத்தைவிடக் குறைந்ததில்லை. ஜப்பானிலும் இதே வழக்கு நடக்கிறது. ஹொக்கைதோத் தீவின் கடலோரப் பேச்சுக்கு ‘ஹமா கொதோபா’, அதாவது கடற்கரைப் பேச்சு என்றே பெயர். உள்நாட்டுக் காதுக்கு அது கரடுமுரடு. படகில் ‘குதசாய்’ சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. வெறும் ‘குரே’ போதும். வலை இழுக்கும் நேரத்தில் ‘தயவுசெய்து’ என்று எந்தக் கடலிலும் யாரும் சொல்வதில்லை.

கரை வாழ்வின் பெரிய வேண்டுகோள் ஒன்று பணிவுக்கே அப்பாற்பட்டு நிற்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் எந்த இடத்தில் யார் இறால் வலை கட்டுவது என்பதைப் ‘பாடு’ முறை தீர்மானிக்கிறது. உரிமையுள்ள ஊராருக்குள் சீட்டெடுத்து முறை வைத்துக்கொள்கிறார்கள். ஜப்பானியக் கடலோரத்தில் 1949-ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டப்படி உரிமை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிடம் இருக்கிறது. ‘எனக்கு அந்த இடத்தைக் குடு’ என்று ஒருவன் இன்னொருவனிடம் கேட்கும் வாக்கியத்துக்கு இரு இடங்களிலும் வேலையே இல்லை. எது பிழைப்போ, அதை இதமான பேச்சை நம்பி விடவில்லை.

தொழிலுக்குக் கிளம்புகிறவரிடம் ‘எங்கே’ என்று கேட்பது நமக்கு ஆகாது. அதனால் ‘என்ன, தூரமா?’ என்கிறோம். ஜப்பானியர் ‘ஒதெகாகெ தெஸ் கா’, வெளியே புறப்பாடா என்கிறார். பதில் இங்கே ‘இதோ, இப்படித்தான்’. அங்கே ‘ச்சொத்தோ சொகோ மாதே’, கொஞ்சம் அந்தப் பக்கம் வரை. கேட்டவரும் தெரிந்துகொள்ளவில்லை, சொன்னவரும் சொல்லவில்லை, இருவரும் நிறைவாகப் பிரிகிறார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் சொல்லும் ஒன்றே: ‘இத்தெ கிமாஸ்’, போய் வருகிறேன். வெறுமனே போகிறேன் என்று சொல்ல இரண்டு வீட்டாருக்கும் நா எழுவதில்லை.

பதில்களுக்கு இலக்கணம் வகுத்ததில் மட்டும் தமிழ் முந்திக்கொண்டது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் வினா ஆறு, விடை எட்டு என்றார். ஆறு வினாக்களில் கொளல், கொடை, ஏவல் மூன்றும் முறையே கேள்வியுடை தரித்த வேண்டுகோளும் வழங்கலும் கட்டளையுமே. கேள்வி கேட்டுப் பொருள் பெறலாம் என்பதை அவர் அப்போதே பட்டியலிட்டிருக்கிறார். விடைகளில் நேராகச் சொல்பவை மூன்று, சுற்றிச் சொல்பவை ஐந்து. ‘நாளைக்கு நண்டு கொண்டாறியாக்கா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘நேத்து வலை கிழிஞ்சுபோச்சு’ என்றால் உற்றது உரைத்தல். ‘நாளைக்குக் காத்தடிக்கும்’ என்றால் உறுவது கூறல். ‘இறா கொண்டாறேன்’ என்றால் இனமொழி. ‘உனக்குக் கொண்டாராம இருப்பனா?’ என்றால் வினாவெதிர் வினாவல். ‘நீயே கரைக்கு வந்து எடுத்துக்கோ’ என்றால் ஏவல்.

ஜப்பானியக் கடைக்காரர் இவற்றில் முதல் மூன்றையும் தாராளமாகக் கையாள்வார். நண்டு இல்லை என்று சொல்ல மாட்டார். ‘எபி நாரா அருந்தெஸ் கெதோ…’, இறால் என்றால் இருக்கிறது, ஆனால்… என்று ‘ஆனால்’ நுனியிலேயே நின்றுகொள்வார். பவணந்தியார் கேட்டிருந்தால் இனமொழிக்கு உதாரணமாக எடுத்திருப்பார். எதிர்வினா அந்தக் கடைக்காரர் வாயில் வராது. வாடிக்கையாளரைத் திருப்பிக் கேட்பது அங்கே வம்பு. ஏவல் நினைத்தும் பார்க்க முடியாதது. பழவேற்காட்டிலோ அந்த ஏவல் மறுப்பாகவே ஆகாது. படகு வரும் நேரத்துக்குக் கரைக்கு வந்துவிட்டால், ஏலத்துக்குப் போகுமுன் நல்ல நண்டாகப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம் என்ற அழைப்பு அது.